பள்ளிக்குத் திரும்ப அஞ்சிய ஒரு குடும்பம்: செபராங் பிறை தமிழ்ப்பள்ளி ஒன்றின் சிறப்புக் கல்வி வகுப்பு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் பயின்ற ஒரு மாணவன், கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் ஏறத்தாழ ஓராண்டு வீட்டிலேயே இருந்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பியதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. 2020 மார்ச் முதல் 2022 இறுதி வரை நடந்தவை இதில் அடங்கும். நான் அவ்வகுப்பின் ஒருங்கிணைப்பாசிரியராக இருந்தேன். பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். குடும்பத்தையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மற்ற பள்ளிகளில் இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று இன்றும் தவிக்கும் பெற்றோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

பின்னணி

மாணவன் ஆட்டிசம் உள்ளவன். பேச்சு மிகக் குறைவு. தனக்கு வேண்டியதைச் சில சொற்களாலும், கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவதாலும் தெரிவிப்பான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே இருப்பது அவனுடைய வழக்கம். 2019-ஆம் ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தான். 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, இத்தகைய வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதங்களுக்கு மிகாத சோதனைக் காலம் உண்டு. அக்காலத்தில் பிள்ளை அந்த வகுப்பிற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனைக் காலத்தை அவன் கடந்தது எளிதாக நடக்கவில்லை. கழிப்பறைப் பழக்கம் வராமல் முதல் இரு மாதங்கள் தாயார் பள்ளியின் வெளிவாசலிலேயே காத்திருந்தார். மூன்றாம் மாதத்தில் பழக்கம் வந்தது, இடம் உறுதியானது. அந்தக் காத்திருப்பு அவர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது பின்னர்தான் வெளிப்பட்டது.

தந்தை பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறார். தாயார் வீட்டில் இருக்கிறார். தந்தையின் தாயாரும் உடன் வாழ்கிறார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு. மாணவன் பாட்டியின் கையால் மட்டுமே சாப்பிடுவான், அவர் அருகில்தான் தூங்குவான். வீட்டில் நோய்த்தொற்று பற்றிய அச்சம் ஏன் அவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதை இந்த ஏற்பாட்டை அறியாமல் புரிந்துகொள்ள முடியாது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது; பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலை 22 அன்று தொடக்கப்பள்ளியின் முதல் நான்கு ஆண்டு மாணவர்கள் திரும்பியபோது பெற்றோர் அவனை அனுப்பவில்லை. நவம்பர் 9 முதல் நாடு முழுவதும் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. 2021-ஆம் ஆண்டின் பள்ளித் தவணை ஜனவரி 20 அன்று வீட்டிலிருந்து கற்றலாகத் தொடங்கியது. அப்போது பினாங்கில் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் நடப்பில் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி. தந்தை வேலைக்குப் போகும்போது அதுவும் உடன் போய்விடும். நாங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய காணொளிகளைத் தாயார் இரவு பத்து மணிக்கு மேல்தான் பார்த்தார். அந்த நேரத்தில் அவரால் செய்ய முடிந்தவை குறைவு; அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வராது.

பள்ளி திறக்கும் அறிவிப்பும் பெற்றோரின் மறுப்பும்

2021 மார்ச் 1 அன்று பாலர் பள்ளி, முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களும், மார்ச் 8 அன்று மற்றத் தொடக்கப்பள்ளி மாணவர்களும் திரும்புவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் வகுப்பும் அந்த மாதத்திலேயே திறந்தது. பிப்ரவரி இறுதியில் ஒவ்வொரு பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்தோம்.

தாயாரின் பதில் சுருக்கமாக இருந்தது. “டீச்சர், அவன் மாஸ்க் போட மாட்டான். வீட்டுல பாட்டி இருக்காங்க. இப்ப வேணாம் டீச்சர்.” பள்ளியில் உடல் வெப்பம் பார்ப்பது, மேசைகளை ஒரு மீட்டர் இடைவெளியில் போடுவது, சிற்றுண்டியை வகுப்பிலேயே உண்பது, கைத்தூய்மி வைப்பது ஆகியவற்றை விளக்கினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் “சரிங்க டீச்சர்” என்றார். ஆனால் மார்ச் மாதத்தின் முதல் இரு வாரங்களும் மாணவன் வரவில்லை.

பொதுவான விதிமுறைகளை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அவை ஒரு பெற்றோரின் மனத்திலுள்ள கேள்விக்குப் பதிலாவதில்லை என்பதை அந்த இரு வாரங்களில் கண்டோம். அவர் கேட்க விரும்பியதை நாங்கள் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

கவனித்தவை

மூன்றாம் வாரத்தில், தந்தைக்கு ஓய்வு நாளாக இருந்த ஒரு மாலையில் பெற்றோர் இருவரோடும் நீண்ட நேரம் பேசினேன். இம்முறை பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாமல், காலை எழுவதிலிருந்து இரவு வரை மகனின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். அதிலிருந்து தெரிந்தவை பல.

அவன் விடியற்காலை இரண்டு மணிக்குத் தூங்கிப் பத்து மணிக்கு மேல் எழுந்துகொண்டிருந்தான். முன்பு சொன்ன சில சொற்கள் நின்றுவிட்டிருந்தன. அரசு மருத்துவமனையில் நடந்துவந்த, அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) கட்டுப்பாட்டுக் காலத்தில் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் மிக இடைவெளி விட்டே நடந்தது. வீட்டுக்கு வெளியே யாரைப் பார்த்தாலும் பாட்டியின் பின்னால் ஒளிந்தான். இவற்றைத் தந்தை சொன்னார். தாயார் பேசாமல் இருந்தார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். “திரும்பவும் மூணு மாசம் வச்சுப் பார்ப்பீங்களா டீச்சர்? இப்ப பார்த்தா அவன் பாஸ் ஆக மாட்டான்.”

கழிப்பறைப் பழக்கம் முற்றிலும் போய்விட்டிருந்தது. 2020-ஆம் ஆண்டின் நடுவிலிருந்தே அவன் பேம்பர்ஸ் அணிந்துகொண்டிருந்தான். இதைக் கண்டால் பள்ளி அவனை மீண்டும் சோதனைக் காலத்தில் வைக்கும், பொருந்தவில்லை என்று சொல்லி வெளியே அனுப்பும், சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். வீட்டில் இருக்கும் வரை அவனுடைய இடம் பள்ளியில் இருக்கிறது. அனுப்பினால்தான் அதை இழக்க நேரும் என்பது அவர் கணக்கு. நோய்த்தொற்று பற்றிய அச்சமும் பொய்யன்று. பாட்டியின் நிலை உண்மையிலேயே ஆபத்தானது. காலரைக் கடிக்கும், எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு முகக்கவச விதி பெரும் சிக்கலே. ஆனால் அந்த அச்சத்தை வெளியே சொல்லலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மற்றதைச் சொன்னால் தன் வளர்ப்பையே குறை சொல்வார்கள் என்று ஒரு தாய் எண்ணுவதில் வியப்பில்லை.

ஒழுங்குமுறையின்படி சோதனைக் காலம் சேரும்போது வைக்கப்படுவது. அதை 2019-இலேயே கடந்த மாணவனுக்கு மறுபடியும் அதை வைக்க வேண்டிய தேவையே இல்லை. மேலும், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பக் கூடாது என்ற ‘சீரோ ரிஜெக்ட்’ கொள்கையைக் கல்வியமைச்சு 2019 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. எங்களுக்கு இவை நன்றாகத் தெரிந்தவை. அதனாலேயே இவற்றைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு தலைமையாசிரியருடையது. மாணவனின் இடம் உறுதியானது, கற்றுக்கொண்ட பழக்கங்கள் விடுபட்டதால் அதற்கு எந்தப் பாதிப்பும் வராது, புதிய சோதனைக் காலம் இல்லை என்று பள்ளியின் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். வாய்மொழியாகச் சொன்னால் போதாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். வகுப்பிலிருந்து பிள்ளை வெளியேற்றப்படுமோ என்று மாதக்கணக்கில் அஞ்சியிருந்தவருக்கு, இரவில் எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு தாள் தேவை என்பது தலைமையாசிரியரின் எண்ணம். அது சரியென்றே பின்னர் தெரிந்தது.

இரண்டாவதாக, முகக்கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. வளர்ச்சிக் குறைபாடோ வேறு இயலாமையோ உள்ள குழந்தைகளுக்கு எந்த வயதிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது, ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் சேர்ந்து பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருந்தன. அதனால் அவன் சன்னலை ஒட்டிய இருக்கையில் தனியாக அமர்வான். ஆசிரியரும், வகுப்பில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மாணவர் நிர்வாக உதவியாளரும் முகக்கவசத்தை எப்போதும் அணிந்திருப்பார்கள். அவன் வாயில் வைக்கக்கூடிய பொருள்கள் தனிப் பெட்டியில் இருக்கும், நாள்தோறும் கழுவப்படும். வீட்டுக்குப் போனதும் குளித்து உடை மாற்றிய பிறகே பாட்டியிடம் போவது என்பதைப் பெற்றோர் ஏற்றார்கள்.

கழிப்பறை பற்றிய முடிவே கடினமானதாக இருந்தது. தாயார் பேம்பர்ஸோடு அனுப்ப விரும்பினார். வகுப்பாசிரியர் அதை ஏற்கவில்லை. பள்ளியிலும் அணிந்தால் பழக்கம் ஒருபோதும் திரும்பாது என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. தாயாரிடம் இன்னும் பேசியபோது, அவர் உண்மையில் அஞ்சியது பள்ளி வேனைத்தான் என்று தெரிந்தது. பொதுவகுப்புப் பிள்ளைகளும் ஏறும் வேனில் மகன் நனைத்துவிட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், வேன் ஓட்டுநர் இனி ஏற்ற மாட்டேன் என்பார் என்ற அச்சம் அது. ஆகவே வேனில் மட்டும் பேம்பர்ஸ், வகுப்பில் நுழைந்ததும் உள்ளாடைக்கு மாறுவது, பிறகு குறித்த இடைவெளியில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. அதே அட்டவணையை வீட்டிலும் பின்பற்றத் தாயார் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக, குறுகிய நேரத்தில் தொடங்கி மெல்ல நீட்டுவது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதே அவனுக்குப் பழகிவிடும் என்ற கவலை வகுப்பாசிரியருக்கு இருந்தது. அதனால் கடிகாரத்தையோ அழுகையையோ பார்த்து அனுப்பாமல், ஒரு செயலை முடித்ததும் வேன் படத்தை, அன்றைய செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் பட அட்டவணையில் ஒட்டி அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். அழும்போது ஒருமுறை அனுப்பிவிட்டால், அழுதால் வீடு என்பதை அவன் அன்றே கற்றுக்கொள்வான். வகுப்பாசிரியரின் இந்த வற்புறுத்தல்தான் திட்டத்தைக் காப்பாற்றியது என்று கருதுகிறேன். இவை அனைத்தையும் அவனுக்கென்றே வகுத்த தனியாள் கல்வித் திட்டத்தில் எழுதி, பெற்றோரின் கையொப்பத்தையும் பெற்றோம்.

மார்ச் முதல் மே வரை

அவன் வகுப்புக்கு வரத் தொடங்கும் முன்பே, மற்ற மாணவர்கள் இல்லாத ஒரு மாலையில் தாயாரோடு அவனைப் பள்ளிக்கு வரச் சொன்னோம். அந்த வருகை எங்களுக்குப் பலவற்றைக் கற்றுத் தந்தது. நடைபாதையில் இடைவெளிக்காக ஒட்டியிருந்த பாத அடையாளங்களில் ஒன்றின் மேல் ஏறி நின்றவன் அங்கிருந்து நகரவே இல்லை. அங்கே நிற்க வேண்டும் என்றுதானே அந்த ஒட்டுத்தாள் சொல்கிறது. அவன் அதை அப்படியே ஏற்றான். கழிப்பறையில் சில கைகழுவும் தொட்டிகளின் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்ததால் உள்ளே நுழைய மறுத்தான். நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டியதும் குனிந்து தரையில் அமர்ந்துவிட்டான். முகக்கவசம் அணிந்திருந்த வகுப்பாசிரியரை அவனால் அடையாளம் காண முடியவில்லை.

மறுநாளே எங்கள் வகுப்புக்குப் போகும் வழியிலிருந்த பாத அடையாளங்கள் அகற்றப்பட்டன. அவனுக்குரிய கழிப்பறையில் நாடாவை எடுத்துவிட்டு, அதை எங்கள் வகுப்புக்கு மட்டும் ஒதுக்கினோம். வெப்பத்தை மணிக்கட்டில் பார்த்தோம். வகுப்பாசிரியர் முகக்கவசத்தோடும் இல்லாமலும் மாறிமாறித் தோன்றி அவன் பெயரைச் சொல்லும் சிறு காணொளியைத் தாயாருக்கு அனுப்பினார். அதை அவன் விரும்பித் திரும்பத் திரும்பப் பார்த்தானாம். இந்தத் தடைகளில் ஒன்றுகூட எங்கள் ஆயத்தப் பட்டியலில் இருந்ததில்லை.

முதல் வாரம் கடினமாகவே போனது. தூக்க நேரம் மாறாததால் காலையில் அரைத்தூக்கத்தில் வந்தான், பசியோடு இருந்தான், பாட்டி இல்லாமல் எதையும் உண்ணவில்லை. பாட்டி வீட்டில் பயன்படுத்தும் அதே சிறு கிண்ணத்தில் இட்லியைக் கொடுத்தனுப்பச் சொன்னபின் கொஞ்சம் உண்டான். கழிப்பறை அட்டவணை முதலில் பெரும்பாலும் தோற்றது. உதவியாளர் அம்மையார் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் உடை மாற்றினார். எதையும் அவன் முன்னால் பேசவில்லை. மாலையில் தாயாருக்கு அனுப்பும் குறிப்பில் நனைத்ததை மறைக்காமல் எழுதினோம், உட்கார்ந்ததையும் எழுதினோம். மறைத்திருந்தால் அவர் எங்களை நம்பியிருக்கமாட்டார்.

ஏப்ரலில் பள்ளியில் வேறொரு வகுப்பில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகிச் சில நாள் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. தாயார் மகனை மீண்டும் நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அழைத்து, தொற்று கண்டவர் எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்தினாரா, வேனில் வந்தவரா என்று மட்டும் கேட்டார். இரண்டும் இல்லை என்று விளக்கியதும், பள்ளி திறந்த அன்றே அனுப்பினார். முன்பு அவர் அஞ்சியது எங்கும் பரவியிருந்த, உருவமில்லாத ஒன்று. இப்போது எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏப்ரல் இறுதிக்குள் மாணவன் சிற்றுண்டி நேரம் தாண்டி இருக்கத் தொடங்கினான். வகுப்பில் பல நாள்கள் நனையாமலும் இருந்தான்.

மீண்டும் மூடலும் 2022-இல் திரும்புதலும்

2021 மே 12 முதல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மீண்டும் வந்தது. ஜூன் 1 முதல் அது இன்னும் இறுகியது. எங்கள் உழைப்பு வீணாகிவிட்டதே என்று வகுப்பாசிரியர் வருந்தினார். ஆனால் முதல் மூடலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. கழிப்பறை அட்டவணையும் படங்களும் இப்போது வீட்டுச் சுவரிலும் இருந்தன. புலனத்தில் பாடக் காணொளி அனுப்புவதை நிறுத்தி, அன்றைய அட்டவணை எப்படிப் போயிற்று என்று மட்டும் கேட்டோம். அதற்குத் தாயாரால் இரவு பத்து மணிக்கும் பதில் சொல்ல முடிந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது அவன் சில வாரங்கள் வந்தான். 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயது வரையிலான சிறுவர்களுக்குத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தந்தை தயங்கினார், குடும்ப மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளச் செய்தார். பாட்டி முந்தைய ஆண்டே போட்டுக்கொண்டிருந்தார். 2022 மார்ச்சில் புதிய தவணை தொடங்கியபோது அவன் முதல் நாளிலிருந்தே முழு நேரமும் இருந்தான். பேம்பர்ஸ் வேனிலும் தேவைப்படவில்லை.

முகக்கவசத்தை அவன் கடைசி வரை சில நிமிடங்களுக்கு மேல் அணியவில்லை. செப்டம்பரில் உட்புறங்களிலும் முகக்கவசம் விருப்பத்துக்குரியதாக அறிவிக்கப்பட்டதும் அந்தச் சிக்கல் தானாகவே நீங்கியது. இழந்த சொற்களில் சில திரும்பின. “தண்ணி” என்ற சொல் 2022 இறுதி வரை திரும்பவில்லை. சிகிச்சை நின்றிருந்த மாதங்களுக்கு வகுப்பறையால் ஈடுகட்ட முடியாதவை உண்டு என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை மாற்றுபவை

இடம் உறுதி என்ற கடிதத்தை இப்போது எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்கிறோம்; யாரும் கேட்கும் வரை காத்திருப்பதில்லை. நோய், அறுவை, இடமாற்றம் என எக்காரணத்தால் ஒரு பிள்ளை நீண்ட நாள் வராமல் இருந்தாலும், விடுப்பின் முதல் மாதத்திலேயே அது போய்ச் சேர வேண்டும். கழிப்பறையையும் தூக்கத்தையும் பேச்சையும் பற்றி, அவை பின்னடைவது இயல்பு என்ற முன்குறிப்போடு, நாங்களே முதலில் கேட்கிறோம். பெற்றோரே தொடங்கட்டும் என்று விட்டால் வெட்கம் அவர்களைப் பேசவிடாது.

தொலைபேசி அழைப்பைத் தந்தையின் ஷிப்டைப் பார்த்து வைப்பது சிறிய செய்திதான். ஆனால் முதல் அழைப்பிலேயே இருவரும் இருந்திருந்தால் மார்ச் மாதத்தின் இரு வாரங்கள் வீணாகப் போயிருக்காது. வேன் ஓட்டுநர்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம். இந்த நிகழ்வில் ஓட்டுநரிடம் பேசியபோது, தம் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார், சொன்னபடியே செய்தார். ஆனால் அவரிடம் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே ஏப்ரலில்தான். மற்ற மாணவர்கள் இல்லாத பள்ளியில் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பார்ப்பது இப்போது ஒவ்வொரு நீண்ட விடுப்புக்குப் பிறகும் கட்டாயம்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. சில ஆண்டுகளில் அவன் இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போவான். புதிய ஆசிரியர்கள், புதிய கழிப்பறை, பெரும்பாலும் மலாய் மொழி. அந்த வகுப்பின் ஆசிரியர்களை மாற்றத்துக்கு ஓராண்டு முன்பே எங்கள் வகுப்புக்கு அழைத்து, அவனுடைய திட்டக் கோப்பைத் தாயாரின் முன்னிலையில் கையளிப்பது என்று பெற்றோரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். கடிதத்தின் நகலும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும் என்று தாயார் கேட்டுக்கொண்டார், சேர்த்துவிட்டோம்.